அப்பா எடுத்துக் கொடுத்த பிளக்கு

அப்பாவும் அண்ணனும் பேசிக்கொள்ள மாட்டார்கள். அப்பாவுக்கு விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் பட்டறையில் சூளை வேலை. அண்ணன் அந்த வேலைக்கு வராமல் பரங்கிப்பேட்டைக்குப் படகு ஓட்டப் போய்விட்டான். தலைமுறை தலைமுறையாக மண் பிசைந்த குடும்பத்தில் ஒருத்தன் தண்ணீருக்குப் போனது அப்பாவுக்கு மானக்கேடு. அவன் வீட்டுக்கு வந்தால், "சாப்பிடச் சொல்லு" என்று அம்மாவிடம் சொல்வார். பக்கத்தில்தான் அவன் உட்கார்ந்திருப்பான். எனக்கு இருவர் மேலும் எரிச்சலாக வரும்.

எழுபதுகளின் தொடக்கத்தில் அண்ணன், அண்ணியின் நகையை விற்று, படகின் பின்னால் மாட்டி ஓட்டும் வெளிநாட்டு மோட்டார் ஒன்றைப் பழசாக வாங்கினான். ஆளேற்றிக் கழிமுகத்தில் ஓட்டுவான். அதுதான் அவர்களுக்குச் சோறு. ஒருநாள் அதன் ஸ்பார்க் பிளக்கில் பீங்கான் விரிசல் விட்டுவிட்டது. அந்தக் கம்பெனி சாமான் நம் ஊரில் கிடைக்காது. வேறு கம்பெனியில் பொருந்துவதைத்தான் தேடவேண்டும். கடலூரிலேயே தேடியிருக்கலாம். பழைய பிளக்கைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு நேராக வீட்டுக்கு வந்தான். பீங்கான் என்றால் அப்பா வாயைத் திறப்பார் என்ற நப்பாசை.

திறந்தார். பிளக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சரியா வேகலடா இது. வா, கடைக்குப் போலாம்" என்றார், அவன் முகத்தைப் பார்த்தே. அம்மா அடுப்படியில் மூக்கை உறிஞ்சினாள். நான் விடுவேனா, கூடவே கிளம்பிவிட்டேன்.

பஸ் ஸ்டாண்டு பக்கத்து மோட்டார் சாமான் கடைக்காரர் இரண்டு கம்பெனிப் பிளக்குகளை எடுத்து வைத்தார். "மரை ரெண்டுக்கும் ஒண்ணுதாங்க. எது வேணும்னாலும் ஏறும்" என்றார். அப்பா சூளைக்காரர்கள் செய்வதைச் செய்தார். நகத்தால் தட்டிச் சத்தம் கேட்டார். பளபளப்பில்லாத நுனியில் நாக்கை வைத்தார். வேகாத பீங்கான் நாக்கில் ஒட்டும். கடைக்காரர் முகம் போன போக்கைப் பார்த்து எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"இதான் நல்லா வெந்தது. என் புள்ளைக்கு இதையே குடுங்க" என்றார் அப்பா. பீங்கானுக்குக் கீழே இருந்த இரும்பை அவர் பார்க்கவேயில்லை. வழியெல்லாம் அண்ணனிடம் பேசிக்கொண்டு வந்தார், குழந்தை நடக்கிறதா, கடல்காற்று ஒத்துக்கொள்கிறதா என்று. அவ்வளவு பேச்சு அவருக்குள் இருந்தது எனக்குத் தெரியாது.

அந்தப் பிளக்கில் மோட்டாருக்குள் திருகி இறங்கும் மரைப்பகுதி பழையதைவிட நீளம். ஓடும்போது உள்ளே பிஸ்டன் மேலே வந்து அதில் இடித்து, உடைந்தே போயிற்று. அந்த மோட்டாருக்குப் பிஸ்டன் எங்கேயும் கிடைக்கவில்லை. வேறு கம்பெனிப் பிஸ்டன் போட்டுப் பார்த்தார்கள், தொளதொளவென்று ஆடியது. மோட்டாரைக் காயலான் கடையில் போட்டுவிட்டு, பம்பாய்க்கு வேலை தேடிப் போகிறேன் என்று அண்ணன் சொல்லிக்கொள்ள வந்தான். மோட்டார் உடைந்துவிட்டது என்றானே தவிர, எதனால் என்று வாயைத் திறக்கவில்லை.

அப்பா அம்மாவைப் பார்த்து, "ஒரு பொருளை வெச்சுக் காப்பாத்தத் தெரியல. என்னமோ பண்ணட்டும்" என்றார். சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார்.

ரயிலடி வரைக்கும் நான்தான் போனேன். எதனால் உடைந்தது என்று அங்கேதான் என்னிடம் சொன்னான்.

"கடையிலயே பாத்தேன், நீளமா இருந்துது. ரெண்டு வாஷர் கூடப் போட்டா நீளம் சரியாப் பூடும்னு நெனச்சேன்."

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "பாத்துட்டுமா வாங்கின? அங்கயே சொல்றதுக்கு என்னா?"

அண்ணன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டான்.

"அப்பா எங்கூடப் பேசிக்கினு இருந்தாரு. நடுவுல எப்புடிச் சொல்றது?"