உப்பிய பாக்கெட்டும் எட்டாம் வகுப்பும்

நாற்பது வயதை நெருங்கும்போது எனக்கு எட்டாம் வகுப்புத் தேர்வு எழுத வேண்டி வந்தது.

நான் ஏழாவதோடு நின்றவன். ரிஷிவந்தியம் பக்கத்தில் எங்களுக்கு இருந்த கொஞ்சம் நிலத்தில் கரும்பு வெட்டு வந்தபோது பதினைந்து நாள் என்னை வீட்டில் நிறுத்திக்கொண்டார்கள். வெட்டு முடிந்தும் நான் பள்ளிக்கூடம் திரும்பவில்லை. இத்தனை நாள் ஏன் வரவில்லை என்று வாத்தியார் எல்லார் எதிரிலும் கேட்பாரே என்ற கூச்சம். அவ்வளவுதான் காரணம்.

பிறகு கள்ளக்குறிச்சியில் ஒரு பாயிடம் வேலைக்குச் சேர்ந்தேன். பிஸ்கட், சிப்ஸ், மிக்சர் மொத்த வியாபாரம். வாரத்தில் இரண்டு நாள் கல்வராயன் மலைக்குச் சரக்கு வண்டி ஏறும். ஓட்டுவதற்கு ஒரு டிரைவர் அண்ணன், கடை கடையாக இறக்கிக் கொடுக்க நான். முட்டிவலி தாங்கவில்லை, அடுத்த ஆடியோடு நின்றுகொள்கிறேன் என்று அண்ணன் சொன்ன அன்று பாய் என்னைக் கூப்பிட்டார்.

"உனக்குத்தான் ஓட்டத் தெரியுமே. லைசென்சும் வெச்சினுகீற. நீயே ஏறிக்கோ."

"சரக்கு வண்டி ஓட்டற பேட்ஜ் இல்லீங்க பாய்."

"எடுத்துக்க வேண்டியதுதானே?"

"எட்டாவது பாஸ்னு காயிதம் கேக்கறாங்க."

"நீ எத்தினியாவது?"

"ஏழு."

பாய் சிரித்துவிட்டார். "ஒண்ணே ஒண்ணு கம்மியா? அத எழுதிட்டு வா. பாஸ் பண்ணா வண்டி உன்னுது. இல்லாங்காட்டி நான் வேற ஆளத்தான் பாக்கணும்பா. இனிமே ஓட்டறவனே இறக்கட்டும், ரெண்டு ஆளு போட்டா கட்டாது."

தனித்தேர்வு என்று ஒன்று இருக்கிறது, பள்ளிக்கூடம் போகாமலே எழுதலாம் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன். தேர்வு கோடை விடுமுறையில். என் மகள் அந்த வருஷம்தான் எட்டாவது போனாள். அப்போது வருஷத்தை மூன்று பருவமாகப் பிரித்து, பருவத்துக்குப் பருவம் புதுப் புத்தகம் கொடுத்துவந்தார்கள். ஒரு பருவத்தை அவள் முடித்ததும் அந்தப் புத்தகம் எனக்கு வரும். அவள் ஒரு பருவம் முன்னே, நான் ஒரு பருவம் பின்னே.

"கிழிக்காத, சிப்ஸ் எண்ணெய் ஆக்காத," என்று சொல்லித்தான் முதல் புத்தகங்களைக் கொடுத்தாள். மிக்சர் அட்டைப்பெட்டியில் வெட்டி அட்டை போட்டுக்கொண்டேன். வெளியே பார்த்தால் சரக்குக் கணக்கு நோட்டு மாதிரி இருக்கும். எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது. வழியில் டிரைவர் அண்ணனைத் தவிர யாருக்கும் தெரியாமல் வண்டியில் வைத்துப் படித்தேன்.

நாங்கள் படித்த காலத்துப் பாடம் போலவே இருக்கும் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. தமிழில் செய்யுளும் உரைநடையும் இருந்தன, கூடவே தெருவிளக்கு வேண்டி ஆணையருக்கு விண்ணப்பம் எழுதுவதும் இருந்தது. எங்கள் தெரு விளக்கு எத்தனை மாதமாக எரியவில்லை என்று யோசித்தேன். சமூக அறிவியலில் கிழக்குத் தொடர்ச்சி மலைப் படம். அதில் பொடி எழுத்தில் கல்வராயன் மலை. கல்யாணப் பத்திரிகையில் நம் பெயர் இருக்கிறதா என்று தேடிக் கண்டுபிடிப்போமே, அப்படி இருந்தது. வாரா வாரம் ஏறி இறங்கும் மலைதான், ஆனால் ஜவ்வாது மலையும் சேர்வராயன் மலையும் அதற்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நிற்கின்றன என்று எனக்கு அதுவரை தெரியாது. பதினெட்டு வயதிலிருந்து ஓட்டுப் போடுகிறேன், நாடாளுமன்றத்தில் இரண்டு அவைகள் எதற்கு என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

கணக்கில் எண்ணுக்கு நடுவே ஒரு எழுத்து வந்து உட்கார்ந்துகொண்டது. மகளைக் கேட்டேன்.

"எண்ணு தெரியலப்பா. அதனால அதுக்கு ஒரு பேரு வெச்சிருக்காங்க."

"தெரியாததுக்கு எதுக்குப் பேரு?"

"பேரு வெச்சாதானே கூட்டிக் கழிச்சித் தேட முடியும்?"

இரண்டு நாள் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். ஒட்டிய பெட்டியைத் தூக்கும்போதெல்லாம் உள்ளே இருப்பதற்கு ஒரு எழுத்தைப் பெயராக வைத்துப் பார்த்தேன். ஆங்கிலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பயந்துகொண்டே மனப்பாடம் செய்தேன்.

"கேள்வி பதில மட்டும் படிப்பா. நீ செய்யுளப் பாடிக்கினு படத்த வேடிக்க பாத்துக்கினு இருந்தா பாஸ் ஆவ மாட்ட," என்று மகள் திட்டுவாள். அவள் சொன்னது சரிதான். ஆனால் அறிவியல் புத்தகத்தில் காற்றழுத்தம் என்ற பாடத்துக்கு வந்ததும் என்னால் கேள்வி பதிலோடு நிற்க முடியவில்லை.

மலைக்குச் சரக்கு ஏற்றுகிற எல்லோருக்கும் ஒரு தொல்லை உண்டு. கீழே தளர்வாக இருக்கும் சிப்ஸ் பாக்கெட், மேலே போகப்போக உப்பிக்கொண்டு விறைத்துவிடும். கரியாலூரில் கடை வைத்திருந்த அக்கா ஒவ்வொரு பாக்கெட்டையும் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பார். உப்பியிருந்தால் வாங்க மாட்டார். கெட்டுப்போன பால் கவர் உப்புவதைப் பார்த்தவர் அவர். உப்பினால் கெட்டது, அவ்வளவுதான். மலையில் மற்ற கடைக்காரர்களும் அவர் சொல்வதைத்தான் கேட்பார்கள்.

அதற்கு எங்களிடம் ஒரு வழி இருந்தது. ஏற்றம் தொடங்குமுன் கச்சிராயபாளையத்தில் டீ குடிக்க நிறுத்துவோம். அங்கே ஒவ்வொரு பாக்கெட்டிலும் மேல் ஓரத்தில் ஊக்கால் ஒரு குத்துக் குத்திவிடுவேன். எனக்கு முன்பு இருந்தவர் அப்படிச் செய்தார், எனக்கும் சொல்லிக் கொடுத்தார். மலைக்காற்று பாக்கெட்டுக்குள் புகுந்துகொள்கிறது, ஓட்டை போட்டால் வெளியே போய்விடும் என்பார். பாக்கெட் உப்பாது. ஆனால் மேலே பனியில் நான்கே நாளில் சரக்கு நமுத்துப்போகும்.

"நமுத்ததெல்லாம் மலைக்குத் தள்ளிடறீங்க, நல்லதக் கீழ வெச்சிக்கிறீங்க," என்று அக்கா வாரம் தவறாமல் சொல்வார். நான் தலையைக் குனிந்துகொண்டு பெட்டியை இறக்குவேன்.

பாடத்தில் இருந்தது இதுதான். காற்றுக்கும் எடை உண்டு. எல்லாப் பக்கமிருந்தும் அது நம்மை அழுத்திக்கொண்டிருக்கிறது. உயரம் போகப்போக அந்த அழுத்தம் குறைகிறது. கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது காது அடைப்பது ஏன் என்று எனக்கு அங்கே தெரிந்துவிட்டது. பாக்கெட்டைப் பற்றிப் புத்தகம் ஒன்றும் சொல்லவில்லை. நானே யோசித்தேன். மலைக்காற்று உள்ளே போகவில்லை. உள்ளே இருப்பது கள்ளக்குறிச்சிக் காற்றுதான். வெளியே அழுத்துகிற கை தளர்ந்ததால் அது விரிகிறது. அப்படியென்றால் இத்தனை வருஷம் நல்ல சரக்கில் நானே ஓட்டை போட்டிருக்கிறேன்.

அடுத்த வாரம் ஊக்கை எடுக்கவில்லை. டிரைவர் அண்ணன் டீ கிளாசோடு வந்து பார்த்தார்.

"இன்னாடா, இன்னிக்குக் குத்தலையா?"

"இல்லண்ணா. தேவையில்லன்னு புக்குல கீது."

"புக்கா வந்து மேல சரக்கு இறக்கும்?"

மேலே அண்ணன் சொன்னதுதான் நடந்தது. அக்கா முதல் பாக்கெட்டை அழுத்தினார். இரண்டாவதை அழுத்தினார். பெட்டியையே என் பக்கம் தள்ளினார்.

"எல்லாம் உப்பிக்கினு கீது. இன்னா, கெட்டுப்போனத ஏத்தினு வந்தியா?"

"கெடலக்கா. கீழ காத்து ஜாஸ்தியா அழுத்துது. மேல கம்மி. அதான்..."

நாக்கு குழறியது. கடையில் நின்றிருந்தவர்கள் என்னைப் பார்த்தார்கள். அக்கா, "காத்து அழுத்துதா? என்ன ஒண்ணும் அழுத்தலியே," என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அன்று பாதிச் சரக்கு திரும்பியது. பாய் பெட்டிகளை ஒவ்வொன்றாக எண்ணி நோட்டில் எழுதிக்கொண்டார். அது திட்டுவதைவிடக் கஷ்டமாக இருந்தது. பேட்ஜ் வருமுன்பே மலை வேலை போய்விடும் போல இருந்தது. மறுபடி ஊக்கை எடுத்துவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

அடுத்த நடையில் ஒரு வாய்ப்பு வந்தது. அக்கா கண்ணாடி மாற்றக் கள்ளக்குறிச்சி வர வேண்டும், பஸ் போய்விட்டது. எங்கள் வண்டியிலேயே முன்னால் ஏறிக்கொண்டார். நான் அவர் அன்றும் திருப்பிவிட்ட பாக்கெட்டில் ஒன்றை எடுத்து அவர் கையில் கொடுத்தேன்.

"அக்கா, இத மடியில வெச்சினு வாங்க. பிரிக்காதீங்க. அப்பப்ப அமுக்கிப் பாருங்க."

"எதுக்கு?"

"சும்மா வாங்களேன்."

அதற்குமேல் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. வண்டி இறங்கியது. அக்கா முதலில் வேடிக்கையாக அழுத்தினார். நான்கைந்து வளைவுக்குப் பிறகு பேச்சை நிறுத்திவிட்டார். கட்டைவிரல் மட்டும் அழுத்திக்கொண்டே இருந்தது.

"யக்கா, புள்ளக்கி ஜுரம் பாக்கற மாதிரி பாக்கறியே," என்றார் அண்ணன்.

"நீ ரோட்டப் பாரு."

கோமுகி அணைத் தண்ணீர் தெரிகிற இடத்துக்கு வந்தபோது பாக்கெட் தளர்ந்து, மேலே சுருக்கம் விழுந்துவிட்டது. அக்கா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எங்கேயாவது ஓட்டை இருக்கிறதா என்று காதோரம் வைத்து அமுக்கினார். பிறகு பல்லால் கடித்துப் பிரித்து ஒன்றை வாயில் போட்டார். முறுமுறு என்று சத்தம் எனக்கே கேட்டது.

"யாரு உனக்கு இத சொன்னது?"

"எட்டாவது புக்குல கீதுக்கா."

"எட்டாவது புக்க நீ இன்னாத்துக்குப் படிக்கிற?"

டிரைவர் அண்ணன் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். பேட்ஜ், தேர்வு, அட்டைப்பெட்டி அட்டை, ஒன்றும் விடவில்லை. அக்கா சிரிப்பார் என்று பார்த்தேன். பாக்கெட்டை என் பக்கம் நீட்டி, "பரீட்ச எப்போ?" என்றார்.

அந்த மாதத்துக்குள் மலை முழுக்கத் தெரிந்துபோயிற்று. பெட்டி இறக்கும் கடையிலெல்லாம் "எட்டாவது வந்துடுச்சி" என்பார்கள். கூச்சமாகத்தான் இருந்தது. ஆனாலும் பாக்கெட் ஒன்றும் திரும்பவில்லை.

தேர்வு அறையில் பெஞ்சு என் முட்டிக்குச் சிறியது. மேற்பார்வைக்கு வந்த டீச்சருக்கு என்னைவிட வயது குறைவு. அறிவியல் தாளைக் கையில் வாங்கியதும் காற்றழுத்தம் எங்கே என்று தேடினேன். ஒரு கேள்விகூட இல்லை. கண்ணாடி பற்றியும் உடம்பில் இருக்கும் செல் பற்றியும் கேட்டிருந்தார்கள். மகள் திட்டித் திட்டிப் படிக்கவைத்த கேள்வி பதில்தான் கைகொடுத்தது. கணக்கில் அந்த எழுத்துக்கு எண் கண்டுபிடிக்கச் சொல்லியிருந்தார்கள். கண்டுபிடித்தேன். ஆங்கிலத்தில் நூலிழையில் தப்பித்தேன் என்பது மதிப்பெண் சான்றிதழ் வந்த பிறகுதான் தெரிந்தது. ஐந்திலும் பாஸ்.

ஆடி முடிந்து பேட்ஜைச் சட்டையில் குத்திக்கொண்டு முதல் நாள் தனியாக மலை ஏறினேன். கரியாலூரில் பெட்டியை இறக்கினேன். அக்கா பேட்ஜைப் பார்த்தார். வழக்கம்போலக் கட்டைவிரலால் அழுத்த ஆரம்பித்தார். எல்லாம் விறைப்பாக இருந்தன. ஒன்று மட்டும் தொளதொள என்று இருந்தது. அதைத் தனியே எடுத்து என் கையில் போட்டார்.

"இத எடுத்துனு போ. உப்பல. எங்கியோ ஓட்ட."

அமுக்கிப் பார்த்தேன். ஓரத்தில் ஒட்டு விட்டிருந்தது. இப்படி ஓட்டைப் பாக்கெட்டைக் கண்டுபிடிக்கலாம் என்று எனக்கே தோன்றியிருக்கவில்லை. வாங்கி வண்டியில் போட்டுக்கொண்டேன்.