ஒரே காலையில் நாலு கம்பவுண்டு

பினாங்கு போலீஸ் கோர்ட்டில் தமிழ் துபாஷியாக, அதாவது மொழிபெயர்த்துச் சொல்கிறவனாக, நான் சேர்ந்த முதல் வருஷம் அது. என் இங்கிலீஷ் மேல் எனக்கு அப்போதே நல்ல நம்பிக்கை. கொஞ்சம் திமிர் என்றும் சொல்லலாம்.

ஒரு பால்காரம்மாவின் வழக்கு வந்தது. நார்தாம் ரோட்டுப் பங்களாக்களுக்குப் பால் ஊற்றுகிறவர். பங்களா ஒன்றில் மோட்டார் டிரைவர் திரும்பிப் பார்க்காமல் வண்டியைப் பின்னால் எடுத்து இடித்துவிட்டார். கை எலும்பு முறிந்து தோலைக் கிழித்து வெளியே வந்துவிட்டதாம். டிரைவரும் தமிழர்தான். "அந்த அம்மாதான் பாக்காம குறுக்க வந்தாங்க" என்று போலீஸில் சொல்லியிருந்தார்.

இடம் எதுவென்று போலீஸ்காரர் சொன்னார்: பங்களா கம்பவுண்டு. டாக்டர் சொன்னார்: கம்பவுண்டு முறிவு; எலும்பு தோலைக் கிழித்து வந்தால் அதற்கு அந்தப் பெயர். மருந்து கலந்து கொடுத்த கம்பவுண்டரும் சாட்சி சொல்லிவிட்டுப் போனார். பிறகு மாஜிஸ்திரேட் துரை என்னைத் தாண்டி அந்த அம்மாவையே பார்த்து இங்கிலீஷில் கேட்டார்: "வில் யூ கம்பவுண்டு?"

நான் வாயைத் திறப்பதற்குள், "எஸ், எஸ், கம்பவுண்டு" என்று அவர் தலையாட்டிவிட்டார். பால் ஊற்றும் வீடுகளில் பழகிய சொல். வீட்டைச் சுற்றி வேலிக்குள் இருக்கும் இடம் என்றே அவருக்கு அர்த்தம். அங்கேதான் அடிபட்டேன் என்கிறார். துரை கேட்டதோ, வழக்கை ராஜி செய்துகொள்ளச் சம்மதமா என்று.

துரை எழுத ஆரம்பித்தார். நான் எழுந்தேன்.

"மன்னிக்க வேண்டும், துரை. அவர் வேறொரு வார்த்தைக்குப் பதில் சொல்கிறார்."

"இருப்பது ஒரே வார்த்தைதானே?"

"எழுத்துதான் ஒன்று. தாங்கள் கேட்டது லத்தீனில் பிறந்தது. ஒன்றாகச் சேர்ப்பது என்று பொருள். டாக்டர் சொன்ன முறிவும் கம்பவுண்டரும் அந்த வம்சம். இவர் சொன்னது மலாய்க்காரர்களின் கம்போங், வேலி போட்ட குடியிருப்பு. இந்தப் பக்கத்திலிருந்து இங்கிலீஷுக்குள் போனது என்கிறார்கள்."

துரை பேனாவை வைத்தார். "சரி, கேள்."

"அக்கா, வழக்க ராஜியா முடிச்சிக்கிறீங்களான்னு கேக்குறாரு."

அவர் முகம் மாறிவிட்டது. "அதையா கேட்டாரு? எம்மேல தப்புன்னு டிரைவரு சொன்னாரே, அத இந்த மனுசன் இங்க எல்லாரு முன்னாலயும் வாபஸ் வாங்கட்டும். அப்புறம்தான் ராஜி."

வார்த்தைக்கு வார்த்தை மொழிபெயர்த்தேன். டிரைவர் அந்த அம்மா பக்கம் திரும்பினார்.

"நான்தான் திரும்பிப் பாக்கல அக்கா. வேலை போயிடுமேன்னு பயத்துல மாத்திச் சொல்லிட்டேன்."

"அது போதும், தம்பி" என்றார் அந்த அம்மா. வழக்கு அதோடு முடிந்தது.

அன்றிலிருந்து அந்தத் துரை எந்தத் தமிழ்ச் சாட்சியிடமும் நேராகப் பேசியதில்லை. முதலில் என் பக்கம் திரும்புவார். பால்காரம்மாவின் கை சற்றுக் கோணலாகத்தான் கூடியது. ஆனாலும் பால் பாத்திரத்தை அந்தக் கையில்தான் தூக்கிப் போவார், நானே பார்த்திருக்கிறேன்.