ஏழு மணி நேரம் ஓடும் கேமரா

போன ஞாயிற்றுக்கிழமை பீரோவின் அடித்தட்டைக் குடைந்துகொண்டிருந்தேன். கல்லூரியில் கடைசி வருடம் படிக்கும் என் மகள் பவித்ராவின் உபயம். பிரிவு விழாவில் போட்டுக் காட்ட எல்லோரும் தங்கள் சின்ன வயசு வீடியோவைக் கொண்டுவர வேண்டுமாம். பழைய பட்டுப்புடவைகளுக்கு அடியில், பாச்சை உருண்டை வாசனையோடு, அந்தக் கறுப்புப் பை கையில் தட்டுப்பட்டது. உள்ளே கேமரா. தொட்டதுமே கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன். செத்துப்போன கேமராவைக் கண்டு பயப்படுகிற ஆளைப் பார்த்து நீங்கள் தாராளமாகச் சிரிக்கலாம். அதை வாங்கிய கதையைக் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

இப்போதுதான் கும்மிடிப்பூண்டி வாசம். அப்போது காக்களூரில் தொழிற்பேட்டை மதிலை ஒட்டி வாடகைக்கு இருந்தோம். தகடு அடிக்கும் பிரஸ் கம்பெனியில் எனக்கு வேலை. பிரஸ் இறங்கும்போதெல்லாம் எங்கள் வீட்டு அலமாரியில் தம்ளர்கள் கிணுகிணுக்கும். மெஷின் எண்ணெய் நாற்றம் சோற்றில்கூட இருப்பதாக எனக்குத் தோன்றும். என் மனைவி செல்வி பழவேற்காட்டுக்காரி. "எங்க ஊர்ல அலை அடிக்குது, இங்க இரும்பு அடிக்குது, ரெண்டும் ஒண்ணுதான்" என்பாள். எதற்கும் அசராத பெண். அவள் அலறி நான் முதன்முதலாகக் கேட்டது, பவித்ராவுக்கு ஒன்றரை வயசில் அது வந்தபோதுதான்.

உடம்பு விறைத்து, உதடு நீலம் பாரித்து, கண் மேலே செருகிக் கை கால் வெட்டியது. பக்கத்து வீட்டுக் கோவிந்தம்மாக்கா சாவிக்கொத்தோடு ஓடிவந்து குழந்தையின் உள்ளங்கையில் திணித்தார். "இரும்ப புடிக்க வெய்யிம்மா, நின்னுடும்!" நின்றது. கொஞ்ச நாளில் மறுபடியும் வந்தது. அதன் பிறகு வீட்டில் கதவு நிலை, ஜன்னல் விளிம்பு, சமையலறை என்று எங்கே கை நீட்டினாலும் ஒரு சாவியோ போல்ட்டோ இருக்கும்படி செல்வி பார்த்துக்கொண்டாள். கம்பெனிக்காரனுக்கு போல்ட்டுக்கா பஞ்சம்?

திருவள்ளூர் ஸ்டேஷன் பக்கம் ஒரு குழந்தை டாக்டர் இருந்தார். நாங்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசுவதைப் பொறுமையாகக் கேட்டார். இழுத்தது, நீலமாயிற்று, விழுந்தது, இவ்வளவுதான் எங்களுக்குச் சொல்லத் தெரிந்தது.

"வலிப்புன்னா வருஷக்கணக்கா மருந்து குடுக்கணும். வாயால சொல்றத மட்டும் வச்சு எழுத எனக்கு மனசு வரலைங்க. அடுத்த தடவை வந்தா வீடியோ எடுத்துட்டு வாங்க" என்றார்.

"மறுபடி வரணுமா சார்?" என்று செல்வி கேட்டாள்.

என் செல்போனில் டார்ச் உண்டு, கேமரா கிடையாது. அப்படித்தான் தேரடிப் பக்கத்துக் கடைக்குப் போனோம். கடைப் பையன் முகமெல்லாம் சிரிப்பாக வந்தான். "இன்னா பங்ஷன் சார்? பாப்பாக்கு பர்த்டேவா?" நான் ஆமாம் என்று சொல்லிவிட்டேன். அவன் கேமராக்களைப் பரப்பினான். டேப் போட்டது ஒரு மணி நேரத்தில் தீர்ந்துவிடும். வட்டத் தட்டு போட்டது அதைவிடக் கம்மி. கார்டு போட்டது எங்கள் கைக்கு எட்டாத விலை.

செல்வி ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "நிறுத்தாம எத்தினி நேரம் ஓடும்?"

"அப்ப ஹார்ட் டிஸ்க்தாம்மா. கிளாரிட்டிய கம்மி பண்ணி வெச்சா ஏழு மணி நேரம் ஓடும். கல்யாணத்தையே முழுசா புடிச்சிடலாம்."

"கரண்ட்ல சொருகியே வெச்சிக்கினா?"

அவன் குழம்பிவிட்டான். பிறந்தநாளை யார் பிளக்கில் சொருகிப் படம் எடுப்பார்கள்? ஆனாலும் ஷோகேசில் கிடந்து கீறல் விழுந்த ஒரு பழைய மாடலை விலை குறைத்துக் கொடுத்தான். "உள்ள தட்டு சுத்திக்கினே இருக்கும் சார், ஆட்டம் மட்டும் ஆகாது" என்று எச்சரித்துவிட்டு, ஓட்டிக் காட்ட எங்கள் பக்கம் திருப்பினான். "சிரிங்க சார்." குட்டித் திரையில் எங்கள் முகங்களைப் பார்த்தேன். ஜாமீன் எடுக்க வந்தவர்கள்போல் இருந்தோம்.

ஆட்டம் ஆகாதாம்! எங்கள் வீட்டில் வேறு என்ன இருந்தது? மேஜையில் வைத்தால் பிரஸ் இறங்கும் ஒவ்வொரு அடிக்கும் கேமரா தானாக நின்றுபோனது. ஃபிரிட்ஜ் மேல் வைத்தால் ஃபிரிட்ஜே உதறியது. கடைசியில் பழைய போர்வைகளை மடித்து அடுக்கி, அலமாரி உச்சியில் அதற்கு மெத்தை போட்டுக் கொடுத்தோம். எங்களுக்கு மிஞ்சியது தலையணைதான். பிள்ளை விழித்திருக்கும் நேரமெல்லாம் அதன் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். வரக்கூடாது என்று வேண்டிக்கொண்டே அது வருவதற்காகக் காத்திருந்தோம். அந்த மாதிரி ஒரு பயத்தை நான் அதற்கு முன்னும் பட்டதில்லை, பின்னும் பட்டதில்லை. குழந்தை தும்மினால்கூட முதலில் அந்த விளக்கைத்தான் பார்ப்பேன்.

காலையில் நாஷ்டா முடிந்து நான் ஷிப்டுக்குக் கிளம்பும்முன் முந்தின நாள் படத்தை அழிக்க வேண்டும். இடம் வேண்டுமே. அந்தப் பொத்தானைச் செல்விதான் அமுக்குவாள். "நேத்தும் வர்ல" என்று சொல்லி, விரலைக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள். எங்கள் பக்கம் வீரராகவர் கோயில் குளத்தில் நோய் கரையட்டும் என்று வெல்லம் கரைப்பார்கள். அவளும் வேண்டிக்கொண்டு கரைத்திருக்கிறாள். ஒவ்வொரு நாளையும் அப்படித்தான் கரைத்தோம். பவித்ரா சாம்பாரைத் தலையில் கவிழ்த்துக்கொண்ட நாள், என் ஷூவுக்குள் காலை விட்டு நடந்து விழுந்த நாள், கோவிந்தம்மாக்காவைப் பார்த்து முதன்முதலாக "அத்த" என்ற நாள். இரண்டொரு தடவை நான், "இத மட்டும் வெச்சிக்கலாமா?" என்றேன்.

"வேணாங்க. வெச்சிக்கினு இன்னா பண்றது? அழிச்சாதான் எனக்கு இன்னிக்கி பொழுது ஓடும்."

ஒரு மத்தியானம் அது வந்தது. நான் காலை ஷிப்டு முடிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். பவித்ரா ஹார்லிக்ஸ் பாட்டில் மூடியை வாயில் வைத்தாள். செல்வி பிடுங்கினாள். குழந்தை வீறிட வாயைத் திறந்தது, சத்தம் வரவில்லை, நீலமாகிச் சாய்ந்தது. எச்சில் கையோடு எழுந்தவன் அப்படியே நின்றேன். செல்வி பிள்ளையை வாரிக்கொண்டே என்னைப் பார்த்துக் கத்தினாள். "மறைக்காதீங்க! கேமராவ மறைக்காதீங்க!"

டாக்டர் அந்தச் சின்னத் திரையை மூக்கருகே வைத்துப் பார்த்தார். எங்களுக்கு உயிரே போன இடத்தை விட்டுவிட்டு, "முன்னாடி போங்க" என்றார். "இன்னும் முன்னாடி." மூடியைப் பிடுங்கும் இடம் வந்ததும் நிறுத்தச் சொன்னார்.

"ஒவ்வொரு தடவையும் முதல்ல அழுதாளா?"

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். பிள்ளை என்றால் நாளெல்லாம் அழும், அதை யார் போய் டாக்டரிடம் சொல்வார்கள்?

"இது வலிப்பு மாதிரி தெரியலம்மா. கோவத்துல அழுது மூச்ச அடக்கிடறா. பெருசானா தானா நின்னுடும்." ரத்தம் எடுத்துப் பார்த்தார். சத்துக் கம்மி என்று இரும்புச்சத்து மருந்து எழுதினார். வீட்டுக்கு வந்து சொன்னதும் கோவிந்தம்மாக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டார். "நா அன்னிக்கே இரும்பதானே குட்த்தேன்?" அன்று சிரித்த சிரிப்பில் செல்விக்கு அழுகை வந்துவிட்டது.

சென்னையில் இன்னொரு பெரிய டாக்டரிடமும் காட்டிவிடலாம் என்று நாங்கள் நினைத்ததால், அந்தக் கொஞ்ச நேரப் படத்தை மட்டும் வெட்டிக் கடைப் பையன் சிடியில் போட்டுக் கொடுத்தான். மீதியை வழக்கம்போல் அழித்தோம். அதன் பிறகு நான் கேமராவை எடுத்தாலே செல்வி, "அத உள்ள வெய்யிங்க, வவுறு கலங்குது" என்பாள். பள்ளிக்கூடம் சேர்த்த அன்றுகூட அது வெளியே வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பைக்குள் கிடந்த அந்தச் சிடியைத்தான் பவித்ராவுக்குப் போட்டுக் காட்டினோம். பிரஸ்ஸின் அடி கேட்டது. திரையில் கோவிந்தம்மாக்கா அந்தத் தடவையும் சாவியோடு ஓடிவந்தார். அவர் போய்ச் சேர்ந்து வருடங்களாகின்றன. அந்த வீடு இருந்த இடத்தில் இப்போது லாரிகள் நிற்கின்றன. பவித்ரா அசையாமல் பார்த்தாள். படம் நின்றதும், "இவ்ளோதானா? மத்த நாள்லாம் எங்கப்பா?" என்றாள்.

செல்விதான் அவள் தலையைத் தடவிக்கொண்டே சொன்னாள்.

"மத்த நாளெல்லாம் நீ நல்லா இருந்தடீ. அதான் அழிச்சிட்டோம்."