கம்பளிப்புழுவுக்குப் புறப்பட்ட பட்டாள விமானம்

சேணம் தைப்பவனுக்கு எப்போதும் இரண்டு வாடிக்கை: மேலே ஏறுகிறவர் ஒருவர், கீழே சுமக்கிறது ஒன்று. வேலை சரியில்லை என்றால் முதலாமவர் திட்டுவார், இரண்டாவது உதைக்கும். வேலூர் லாங் பஜாரில் இருபது வருஷம் ஜட்காக் குதிரைகளுக்கு வாரும் பட்டையும் தைத்து இரண்டையும் வாங்கிக் கட்டிக்கொண்ட எனக்கு, முப்பதுகளின் நடுவில் ஒரு கோடையில் மூன்றாவது வகை வாடிக்கை வந்து சேர்ந்தது. அது ஓர் ஆகாய விமானம்.

பட்டாளத்துப் பையன்களுக்குப் பறக்கக் கற்றுக்கொடுத்துவிட்டு ஓய்ந்துபோன விமானம் அது. ராணுவம் ஏலத்தில் தள்ளியதை, கடலை எண்ணெய் வியாபாரிகள் சிலர் கூட்டாக வாங்கியிருந்தார்கள். அதைக் கொண்டு பயிருக்கு மேலிருந்து பூச்சி மருந்தாகப் பாஷாணத் தூளைத் தூவலாம் என்று யாரோ அவர்களிடம் சொல்லியிருக்கிறார்கள். மருந்து இறங்கும் குழாயைத் தகரத்தில் வைத்தால் இயந்திரத்தின் ஆட்டத்தில் பிளந்தது. துணியில் வைத்தால் கிழிந்தது. தோல்காரனைக் கூப்பிடு என்று எனக்கு ஆள் வந்தது. தோலைத் தொட்டுப் பிழைக்கும் சகோதரர்களே, முடியாது என்று சொல்லத் தெரியாத வியாதி நம் எல்லோருக்கும் உண்டு. நானும் ஊசியையும் மெழுகு நூலையும் எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

இடது இறக்கையின் சங்கதி

விமானம் காவேரிப்பாக்கம் ஏரிக்குள் நின்றது. ஏரி வறண்டு கிடந்த மாதம். மேட்டுப் பக்கம் தரை கெட்டியாக இருந்ததால் அதுதான் ஓடுபாதை. ஓட்டுகிறவர் பெர்சி துரை, அரக்கோணத்து ரயில்வே ஆங்கிலோ இந்தியக் குடும்பம். சட்டைதான் துரை, பேச்சு நம் பேச்சு.

நான் குதிரையைப் பார்க்கிற மாதிரி விமானத்தைச் சுற்றி வந்தேன். எந்த மிருகத்துக்கும் பழைய எஜமான் எப்படி என்று முதுகைத் தடவினால் தெரிந்துவிடும். இதற்கு உடம்பெல்லாம் துணி, துணியெல்லாம் தையல். ஒவ்வொரு ஒட்டிலும் தைத்தவன் கை வேறு வேறாக இருந்தது. ஒருவன் நெருக்கித் தைத்திருந்தான், ஒருவன் சாப்பாட்டு மணி அடித்த அவசரத்தில் இழுத்து விட்டிருந்தான். வலது கீழ் இறக்கையின் நுனியில் ஒரே ஒட்டு, இடது நுனியில் ஏழு. படித்த பையன்கள் எல்லோரும் ஒரே பக்கமாகவா விழுவார்கள் என்று எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை, கேட்டுவிட்டேன்.

பெர்சி துரை சிகரெட்டை வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சொன்னார்: "விசிறி சுத்துறப்போ வண்டிய அந்தப் பக்கம்தான் இழுக்கும் மேஸ்திரி, பசங்க மேல தப்பில்ல. ஏழாவது ஒட்டு மட்டும் போன வாரம் நான் போட்டது."

வாத்தியார் உட்கார்ந்த இடம்

விமானத்தில் இரண்டு குழிகள். பின்னால் மாணவன், முன்னால் வாத்தியார். வாத்தியார் குழியைக் காலி செய்து அங்கே மருந்துப் பெட்டி வைப்பது என்று ஏற்பாடு. இருக்கைத் தோலைப் பிரிப்பது என் பங்கு. உள்ளே குதிரை மயிர் அடைத்திருந்தது, நல்ல வேலை. அடியில் இருந்த பலகையில் வரிசையாகக் கத்திக் கீறல்கள். எலி கடித்ததோ என்று விரலால் தடவிப் பார்த்தேன். எல்லாம் ஒரே நீளம், நேர் கோடு.

தனியாகப் பறந்து பத்திரமாக இறங்கிய ஒவ்வொரு பையனுக்கும் வாத்தியார் ஒரு கோடு கீறுவாராம். பெர்சி துரை அந்தக் காலத்தில் பட்டாளத்தில் விமானம் பழுதுபார்க்கும் ஃபிட்டராக இருந்தவர், அதனால் தெரியும் என்றார். எனக்கு அந்தப் பலகையைத் தூக்கி எறிய மனசு வரவில்லை. மருந்துப் பெட்டிக்கு அடியில் முட்டுக்கட்டையாக வைத்துவிட்டேன். பெட்டியின் வயிற்றிலிருந்து விமானத்தின் அடிவயிறு வரை ஒரு முழ நீளத்துக்கு என் தோல் குழாய். கம்பியை இழுத்தால் வாய் திறக்கும், விட்டால் மூடும்.

எல்லாம் பொருத்தியதும் துரை குனிந்து பார்த்துவிட்டுச் சிரித்தார்: "வாத்தியார் சீட்டுல இப்ப பாஷாணம் குந்திக்கினு வருது. சத்தம் போட்டுத் திட்டாது, அது ஒண்ணுதான் நிம்மதி."

மூன்று காணி

எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்று சொல்லும் வேர்க்கடலைக்கு ஒரு சத்துரு உண்டு, சிவப்புக் கம்பளிப்புழு. முதல் நல்ல மழை பெய்ததும் மண்ணிலிருந்து அந்துப்பூச்சி கிளம்பும், முட்டையிடும், புழு பொரியும். குஞ்சாக இருக்கிற ஒரு வாரம்தான் மருந்துக்குச் சாகும். மயிர் அடர்ந்துவிட்டால் எமன் வந்தாலும் திரும்பிப் போக வேண்டியதுதான். பிறகு வயலைச் சுற்றிக் குழி வெட்டிக் கையால் பொறுக்குவதைத் தவிர வழியில்லை.

முதலில் எந்த வயலில் தூவுவது என்று பார்த்ததில், ஏரிக்கரையை ஒட்டிப் பனைமரம் ஒன்றும் இல்லாமல் கிடந்த மூன்று காணி, ஏறக்குறைய நாலு ஏக்கர், அகப்பட்டது. குத்தகைக்குப் பயிர் வைத்திருந்தவள் முனியம்மா. நாற்பது வயசிருக்கும், தனி ஆளாக உழைக்கிறவள். இரண்டு வருஷமாகப் புழு தின்று அவளுக்கு வெறும் கொடிதான் மிஞ்சியது. நெமிலியில் இருந்த நிலச் சொந்தக்காரர், அதாவது காணிக்காரர், இந்த வருஷமும் பங்கு வராவிட்டால் நிலத்தை வேறு ஆளுக்கு விட்டுவிடுவேன் என்று சொல்லி அனுப்பிவிட்டார். நானும் துரையும் போய் விஷயத்தைச் சொன்னோம். எங்களோடு ஏரிக்குள் இறங்கி, விமானத்தை ஒரு தடவை சுற்றி வந்து, அதன் சக்கரத்தைக் காலால் தட்டிப் பார்த்தாள்.

"ஊரே வேடிக்க பாக்கறதுக்கு என் காணிதான் கெடச்சிதா?" என்றாள். "சரி, போடு. புழு துன்றத விட நீ கெடுக்கறது ஒண்ணும் ஜாஸ்தி இல்ல."

வடை மழை

மழை பெய்தது, புழுவும் வந்தது. பனி ஈரத்தில் தூள் இலையில் ஒட்டும் என்பதால் பொழுது விடிகிற நேரத்துக்கு ஏற்பாடு. சுற்று வட்டாரமே கரையில் கூடிவிட்டது. ஆட்டையெல்லாம் கட்டிப்போடச் சொல்லித் தண்டோரா போட்டாயிற்று. விமானம் எழும்பியது, வளைந்தது, முனியம்மாவின் காணிக்கு மேல் தாழ்ந்து வந்தது. துரை கம்பியை இழுப்பது எனக்குத் தெரிந்தது. ஒன்றும் விழவில்லை. கொஞ்ச தூரம் போனதும் தொப்பென்று ஒரு கட்டி, மறுபடி வெறுமை, மறுபடி இரண்டு கட்டி. வயலின் ஓர் ஓரம் முழுக்க வடை வடையாகப் பாஷாணம், மற்ற இடத்தில் ஒரு பொட்டுக்கூட இல்லை.

விமானம் இறங்கியதும் குழாயைக் கழற்றிக் கையை விட்டேன். உள்ளே தூள் களியாக அப்பியிருந்தது. பார்த்ததும் விளங்கிவிட்டது. முந்தின நாள் வேலை முடிந்ததும் பழக்கத்தில் குழாயின் உள்ளும் புறமும் புங்கெண்ணெய் தடவி, துணியால் தேய்த்து, பளபளவென்று வைத்திருந்தேன். தோல் என்றால் எண்ணெய் காட்டாமல் விடுவோமா நாம்? பெற்ற பிள்ளைக்குத் தலை வாராமல் அனுப்புவோமா? அந்த எண்ணெயில்தான் மருந்து முழுக்க ஒட்டிக்கொண்டது. ஆனால் அந்தக் கூட்டத்துக்கு நடுவில் என் வாயிலிருந்து வந்தது வேறு: "பனி ஜாஸ்தி துரை, அதான்."

பொய் சொன்ன வெட்கத்தை அன்று மத்தியானம் வரைதான் தாங்க முடிந்தது. கட்டி விழுந்த இடத்தில் செடிகள் கருக ஆரம்பித்திருந்தன. முனியம்மா அந்த வரிசையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். நேரே போய் அவளிடமும் துரையிடமும் எண்ணெய் விஷயத்தைச் சொன்னேன். துரை தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். முனியம்மா சொன்னாள்: "பனி மேல பழி போட்டப்பவே உன் மூஞ்சி சரியில்ல மேஸ்திரி. இன்னும் எத்தினி நாள் இருக்குது, அத்த சொல்லு."

புழுவுக்கு மயிர் அடர இன்னும் நாலு நாள் இருந்தது.

ஆம்பூரில் கேட்ட யோசனை

எண்ணெயே படாத மெல்லிய தோல் வேண்டும் என்று ஆம்பூருக்கு ஓடினேன். அங்கே தோல் பதனிடும் ஷாப்பு வைத்திருந்த காதர் பாய் எனக்குப் பழைய தோஸ்து. அவரிடம் இல்லாத தோல் கிடையாது. ஆனால் ஷாப்பில் ஆவாரம்பட்டையில் ஊறி, கடுக்காய் குடித்து வெளியே வருகிற ஒவ்வொரு தோலுக்கும் கடைசியில் எண்ணெய்ப் பூச்சு உண்டு. அது இல்லாமல் தோல் ஷாப்பைத் தாண்டாது.

தூள் ஒட்டுகிறது என்று நான் சொன்னதும் ஷாப்பு முழுக்க யோசனை சொல்ல ஆரம்பித்தது. புங்கெண்ணெய் கெட்டி, விளக்கெண்ணெய் போடு என்றார் ஒருவர். மீனெண்ணெய்தான் உள்ளே இறங்கும் என்றார் இன்னொருவர். முட்டை மஞ்சள் கரு தேய்த்தால் கையுறைத் தோல் மாதிரி ஆகும் என்றார் மூன்றாமவர். எண்ணெய் வேண்டாம் என்று நான் கத்தியது ஒருவர் காதிலும் ஏறவில்லை. அவர்களைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை ஏது? நேற்று வரை நானும் அந்தக் கட்சிதான்.

காதர் பாய் மட்டும் என்னை உட்காரவைத்து, தேநீர் கொடுத்துச் சொன்னார்: "தோலுக்கு எண்ணெய் வேணாம்னு சொல்ற முதல் சேணக்காரன் நீதான். உடம்புக்கு எதனா பேஜாரா, டாக்டராண்ட போலாமா?"

ஆடிக்கு வைத்திருந்த தோல்

வெறுங்கையோடு திரும்பி வருகிற வழியில் காவேரிப்பாக்கத்தை அடுத்த ஒரு கிராமத்தில் மேளச் சத்தம் கேட்டது. ஆடித் திருவிழாவுக்கு ஒத்திகை. மேளத்துக்கு எண்ணெய் உண்டா? நடு ரோட்டில் நின்றுவிட்டேன். பச்சைத் தோலை மயிர் நீக்கி, இழுத்துக் கட்டி, வெயிலில் காயவைப்பதுதான் மேளத் தோல். ஒரு சொட்டு எண்ணெய் கிடையாது.

மேளம் கட்டுகிற ஏழுமலை திருவிழாவுக்கென்று நல்ல ஆட்டுத் தோல் ஒன்று வைத்திருந்தார். பாஷாணம் படப்போகிறது, திரும்பி வராது என்று உண்மையைச் சொல்லித்தான் கேட்டேன். வேறு தோலைக் கட்டிக்கொள்கிறேன் என்று எடுத்து நீட்டினார். ஆனால் ஒரு நிபந்தனை போட்டார். குழாயைத் தைக்கும்போது பக்கத்திலேயே உட்கார்ந்து பார்ப்பாராம். இரட்டை ஊசித் தையலை அவர் கண் கொட்டாமல் பார்த்தார், தோலை விரலால் சுண்டி அவர் ஈரம் கண்டுபிடிப்பதை நான் பார்த்தேன். இவ்வளவு வருஷம் தோலோடு கிடந்தும் அந்த வித்தை எனக்குத் தெரியாது.

தைத்து முடித்து எழுந்தபோது அவர் சொன்னது: "விடியக்காலம் பனியில தொங்கிப் பூடும் மேஸ்திரி. ஆகாசத்துல போனாலும் அதுக்கு நெருப்பு காட்டித்தான் ஆவணும்."

நெருப்பும் பெட்ரோலும்

நெருப்பு என்ற வார்த்தையைக் கேட்டதும் பெர்சி துரை விமானத்துக்கும் எனக்கும் நடுவில் வந்து நின்றுகொண்டார். துணி, வார்னிஷ், பெட்ரோல், இந்த மூன்றும் இருக்கிற இடத்துக்கு வைக்கோல் தீயா? கடைசியில் நூறு கஜத்துக்கு அப்பால் ஏழுமலை தீ மூட்டினார். குழாயைக் காய்ச்சிச் சுண்டிப் பார்த்து, "இப்ப" என்றார். நான் அதைத் துணியில் சுற்றிக்கொண்டு ஓடினேன். ஓடிய வேகத்திலேயே வாரைக் கோத்து முடிச்சுப் போட்டேன். துரை உடனே விமானத்தைக் கிளப்பினார்.

இந்தத் தடவை கம்பியை இழுத்ததும் வெள்ளைப் புகை மாதிரி ஒன்று விமானத்துக்குப் பின்னால் விரிந்தது. விரிந்து, தாழ்ந்து, காணி முழுக்க மெதுவாக உட்கார்ந்தது. மூன்று தடவை போய்த் திரும்பினார். இரண்டு நாள் கழித்து முனியம்மா ஒரு செடியை எடுத்துக் குலுக்கினாள். புழுக்கள் காய்ந்த மிளகாய் விதையாட்டம் உதிர்ந்தன.

அவள் என்னைப் பார்க்கவில்லை, செடியைப் பார்த்துத்தான் சொன்னாள்: "கருகின ஓரம் போவட்டும். மீதி எல்லாம் என்து."

ஒரு கைப்பிடி

கதை இங்கே முடிந்திருந்தால் நான் நல்ல பெயரோடு வேலூர் திரும்பியிருப்பேன். அறுவடைக் காலத்தில் ஒரு நாள் முனியம்மா லாங் பஜாரில் என் கடை வாசலில் வந்து நின்றாள். கடலை நன்றாக விளைந்திருந்தது. ஆனால் சந்தையில் தரகர் கை வைக்க மாட்டேன் என்கிறார், பாஷாணம் பட்ட கடலையாம். விமானம் வாங்கிய அதே வியாபாரிகளின் தரகர்! மூட்டை போகாவிட்டால் காணிக்காரருக்குப் பங்கு இல்லை. பங்கு இல்லாவிட்டால் நிலம் கை மாறிவிடும். அவளுக்குப் புழு தின்றதும் ஊர் தின்னாததும் ஒன்றாகிவிட்டது.

அவளோடு போனேன். சந்தையில் பெரிய கூட்டம். மருந்து இலைமேல் விழுந்தது, அதற்கப்புறம் எத்தனையோ மழை பெய்து கழுவிவிட்டது, கடலை மண்ணுக்குள் இருந்தது என்று பெர்சி துரை சொல்லிக்கொடுத்ததை அப்படியே ஒப்பித்தேன். தரகர் தலையாட்டினார், மூட்டையைத் தொடவில்லை. முனியம்மா ஒரு கைப்பிடி உரித்து என்னிடம் நீட்டினாள். "நான் துன்னா, வயித்தெரிச்சல்ல துன்றான்னு சொல்வாங்க. மருந்து போட்ட கை உன்து, நீ துன்னு," என்றாள்.

மறைப்பானேன், எனக்குப் பயமாக இருந்தது. ஊருக்கெல்லாம் சொன்ன தைரியம் என் வாயில்தான் இருந்தது, வயிற்றில் இல்லை. கையில் இருந்த பருப்பைப் பார்த்தேன், கருகிப்போன அந்த ஓரத்தை நினைத்துக்கொண்டேன், வாயில் போட்டு மென்றேன். இனிப்பாகத்தான் இருந்தது. கூட்டம் மூச்சு விடாமல் என் கண்ணையும் நாக்கையும் பார்த்தது. ஒருவர் நாடி பிடித்தே பார்த்தார். தரகர் கடைசியில், நாளைக்கு இந்த ஆளைப் பார்த்துவிட்டு முடிவு சொல்கிறேன் என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். கூட்டம் கலைந்தது. முனியம்மா மட்டும் வண்டி வரைக்கும் கூடவே வந்து, நான் ஏறி உட்கார்ந்ததும் சொன்னாள்: "நாளைக்குக் காலம்பர உசுரோட இங்க வந்து நில்லு மேஸ்திரி, என் மூட்ட வண்டி ஏறணும்."

மூட்டை ஏறியது, காணியும் அவளிடமே நின்றது. பட்டாளம் தள்ளிவிட்ட விமானத்தை மறுபடி பறக்க வைக்கப் பெட்ரோலும் வார்னிஷும் ஆட்டுத் தோலும் வேண்டியிருந்தன, ஊர் அதை நம்புவதற்கோ ராத்திரி சாகாமல் காலையில் சந்தைக்கு வந்து நின்ற ஒரு சேணக்காரன் போதுமாக இருந்தான்.