நான் மொழிபெயர்க்காத கேள்வி

அடுத்த ஞாயிறு காட்டவிருந்த சுவீடன் படத்தின் அறிவித்தலை எங்கள் திரைப்பட வட்டத்தின் வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தேன். வழக்கமாக முதல் பதில் மகேஸ் அக்காவிடமிருந்துதான் வரும்: "ஓம், வாறன்." அன்றும் அவருடைய எண்ணிலிருந்தே பதில் வந்தது. எழுதியவர் அவருடைய மகள். "அங்கிள், அம்மா இண்டைக்குக் காலமை மோசம் போயிட்டா. நித்திரையிலையே இதயம் நிண்டுட்டுதாம்." நான் வேலையிடத்துப் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

இங்கே சுவிற்சர்லாந்தில், லோசான் நகரத்து நண்பர்கள் எல்லோருக்கும் அவரைத் தெரியும். ஆஸ்பத்திரியில் இருபத்திரண்டு வருடம் துப்புரவு வேலை செய்தவர். விடியற்காலை மெட்ரோவில் நீல மேற்சட்டையோடு நிற்பார். ஆனால் அவருக்குப் படம் பார்க்கத் தெரியும் என்பது உங்களில் பலருக்குத் தெரியாது. எனக்கே வெகு காலம் தெரியவில்லை. ஐரோப்பிய சினிமாவைப் பற்றிச் சஞ்சிகைகளில் எழுதுகிறவன் நான் அல்லவா!

சுவீடனின் புதிய இயக்குநர்களின் படங்களை நாங்கள் காட்டத் தொடங்கிய முதல் நாளிலேயே அவர் என் மூக்கை உடைத்தார். முதியோர் இல்லத்தில் வேலை செய்யும் ஒரு பெண்ணின் கதை அது. படம் முடிந்ததும் வர்க்கம், அரசு, தனிமை என்று நான் அடுக்கிக்கொண்டு போனேன். மகேஸ் அக்கா கையைத் தூக்கினார். "அந்தப் பிள்ளை துடைச்ச ஈரத்துக்கு மேலாலையே திரும்பி நடக்கிறா. ஒருநாளும் மொப் பிடிச்சிருக்க மாட்டா." மண்டபமே சிரித்தது. எனக்குக் கோபம் வந்தது.

ஆனாலும் அந்தப் படங்களுக்காக அவரைப் போல வாதாடியவர் வேறு யாருமில்லை. எங்கள் ஆட்களின் படங்கள் இருக்க, குளிர் நாட்டுக்காரன் அழுவதை நாங்கள் ஏன் பார்க்கவேண்டும் என்று ஒருவர் கூட்டத்தில் குறுக்கிட்டார். "அந்தப் படங்கள் எடுக்கிறாக்களிலை கன பேரின்ர தாய் தேப்பன் எங்களை மாதிரி வந்து இறங்கினாக்கள்தான்," என்றார் மகேஸ் அக்கா. "பிள்ளையள் வளந்து, கமெராவைத் தங்கட மாடிக்கட்டடத்துக்குத் திருப்பிப்போட்டு, இஞ்சை பாருங்கோ எண்டு காட்டுதுகள். நாங்கள் பாக்காமல் ஆர் பாக்கிறது?"

இனி நான் சொல்ல வெட்கப்படும் விஷயத்துக்கு வருகிறேன். சென்ற வருடம் அந்த இயக்குநர்களில் ஒருவர், முப்பது வயதுகூட இராத பெண், தன் படத்தோடு லோசானுக்கு வந்திருந்தார். ஆஸ்பத்திரித் துப்புரவாளர்களைப் பற்றிய படம். திரையிடலுக்குப் பிறகு கேள்வி நேரம். இயக்குநருக்குப் பிரெஞ்சு நன்றாக வரும். "பிரெஞ்சிலை வேலை செய்வன், சண்டையும் பிடிப்பன். இதைக் கேக்க வராது. நீர் சொல்லும், தம்பி," என்று என்னிடம் சொல்லிவிட்டு எழுந்து நின்றார் மகேஸ் அக்கா. அவர் தமிழில் கேட்டது இதுதான்: "பிள்ளை, நல்ல படம். ஆனால் அந்த நாலு பொம்பிளையளும் ஒருக்காக்கூடச் சிரிக்கேல்லை. நாங்கள் வேலையிலை சிரிக்கிறேல்லை எண்டு உங்களுக்கு ஆர் சொன்னது?"

நான் மொழிபெயர்த்தேன்: "இவர் ஒரு துப்புரவுப் பணியாளர். படம் தன்னை மிகவும் உலுக்கியதாகச் சொல்கிறார். நன்றி சொல்கிறார்."

ஏன் அப்படிச் செய்தேன்? அந்த இயக்குநரை நேர்காணல் செய்ய எனக்கு ஆசை இருந்தது. எங்கள் ஆள் ஒருவர் எழுந்து குறை சொன்னதாக இருக்கக்கூடாது என்று நினைத்தேன். இயக்குநர் நெஞ்சில் கைவைத்துத் தலை வணங்கினார். எல்லோரும் கை தட்டினார்கள். மகேஸ் அக்கா மட்டும் பதிலுக்காக இன்னும் சற்று நேரம் நின்றுகொண்டிருந்தார்.

திரும்பும்போது மெட்ரோவில் கேட்டார். "நன்றி எண்டு மட்டும்தானே சொன்னனீர்? அவ்வளவு பிரெஞ்சு எனக்கும் விளங்கும்." கடிதம் எழுதிக் கேட்கிறேன் அக்கா என்றேன். எழுதவில்லை. இரண்டு தடவை விசாரித்தார்: "அந்தப் பிள்ளை பதில் போட்டவவோ?" இரண்டு தடவையும் இன்னும் இல்லை என்று பொய் சொன்னேன். "பறவாயில்லை, படம் எடுக்கிற ஆக்களுக்கு ஆயிரம் வேலை," என்று என்னைத் தேற்றினார். தவறே செய்யாத அந்தப் பெண்ணை அவர் மன்னித்துக்கொண்டிருந்தார்.

செத்தவீடு முடிந்த மறுநாள் காலை அந்த இயக்குநருக்கு மின்னஞ்சல் எழுதினேன். அன்று கேள்வி நேரத்தில் நான் மொழிபெயர்த்துச் சொன்னது பொய் என்று ஒப்புக்கொண்டு, மகேஸ் அக்காவின் கேள்வியை ஒரு சொல் விடாமல் பிரெஞ்சில் அனுப்பினேன். அவர் இறந்துவிட்டார் என்பதை எழுத மட்டும் கை வரவில்லை. மதியத்துக்குள் பதில் வந்துவிட்டது. மூன்று மணித்தியாலம்கூட ஆகவில்லை. "இந்தக் கேள்வியை யாராவது கேட்கமாட்டார்களா என்று காத்திருந்தேன். அடுத்த படத்தை எழுதிக்கொண்டிருக்கிறேன். அவர்கள் எதைச் சொல்லிச் சிரிப்பார்கள்? நான் லோசானுக்கு வந்தால் அவரைச் சந்திக்கலாமா?"

இரண்டாவது கேள்விக்கான பதிலை எழுதி அழுதேன். முதல் கேள்விக்கு எழுத என்னிடம் எதுவுமில்லை. உழைக்கிறவர்களின் வாழ்க்கையைக் காட்டும் படங்களைத் தேடித் தேடித் திரையிட்டிருக்கிறேன், பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். எட்டு வருடம் என் பக்கத்து நாற்காலியில் இருந்தவரிடம், வேலையில் என்ன சொல்லிச் சிரிப்பீர்கள் அக்கா என்று ஒரு நாளும் நான் கேட்டதில்லை. தெரியாது என்று அந்தப் பெண்ணுக்கு எழுதினேன். மகேஸ் அக்காவிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அவருடைய கேள்வி மட்டும்தான்.