வெள்ளைக் கோடு போட்ட கல்

"இருக்க எடம் தேடுறவங்களத்தான் பாத்திருக்கேன். நீ படுக்க எடம் தேடிப் போறியே அத்தே," என்றான் படகோட்டி டூகல்.

"வாயை மூடிக்கிட்டு ஓட்டுடா. நீ ஓட்டுற லட்சணத்துல வழியிலயே போய்ச் சேந்துருவேன் போல," என்றாள் எஃபி.

எண்பத்தொரு வயது அவளுக்கு. வயிற்றில் கட்டி. ஆகஸ்டைத் தாண்டினால் பெரிய விஷயம் என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். அவள் கேட்டதெல்லாம் ஒன்றுதான்: ஹேல்சே தீவில், தன் பிள்ளை பக்கத்தில் ஒரு குழி. தீவு இப்போது பறவைச் சரணாலயம். சொந்தக் கல்லறையை அடையாளம் காட்டினால் அனுமதி உண்டு என்று கடிதம் வந்திருந்தது. காட்டத்தான் போகிறாள்.

அங்கேதான் பிறந்தாள். அங்கேதான் லாக்லனைக் கட்டினாள். இருபது வயதில் பெற்ற பிள்ளை பதினோரு நாள் இருந்தது. டாக்டர் வரக் கடல் விடவில்லை. அடுத்த வருஷமே மிச்சமிருந்த ஒன்பது வீட்டு ஜனத்தையும் சர்க்கார் ஒரே நாளில் கப்பலேற்றிக் கொண்டுபோய்விட்டது. புறப்படும்முன் எஃபி குழிமேல் கை வைத்து, "அம்மா வந்துருவேன்டா" என்று சொன்னாள். அப்புறம் லாக்லனைக் கடல் கொண்டுபோயிற்று, உடல்கூடக் கிடைக்கவில்லை. அவள் ஓர் ஆஸ்பத்திரியில் நாற்பது வருஷம் ஊரார் படுக்கைவிரிப்பைத் துவைத்தாள். அழுக்கு போயிற்று, காலமும் போயிற்று.

கரையில் சரணாலயக் காப்பாளர் ஐலா, குழிக்கு இடம் குறிக்க முளைக்குச்சியும் அளவுநாடாவுமாக நின்றாள். நல்ல பெண், குறை சொல்ல முடியாது. தோளைப் பிடித்து மெதுவாகக் கல்லறை மேட்டுக்குக் கூட்டிப்போனாள்.

ஹேல்சேக்காரர்கள் கல்லறையில் பேர் வெட்டுவதில்லை. கடற்கரையிலிருந்து ஒரு கல்லைச் சுமந்துவந்து தலைமாட்டில் வைப்பார்கள். எது யாருடையது என்று வீட்டுக்காரர்களுக்குத் தெரியும், அது போதும். பிள்ளைக்கு லாக்லன் தேடி எடுத்தது கறுப்புக் கல், நடுவில் சுற்றிவர வெள்ளைக் கோடு.

மேட்டில் புல்தான் இருந்தது. ஒரு கல் இல்லை.

"இங்க கெடந்த கல்லெல்லாம் எங்கேம்மா?"

ஐலா கீழே கை காட்டினாள். இடுப்புயரத்தில் நீளமாக ஒரு கற்சுவர். புயல்பறவை என்ற சின்னக் கடற்பறவை கல்லிடுக்கில் கூடு கட்டுவதற்காக எட்டு வருஷத்துக்கு முன் தொண்டர்கள் கட்டியதாம். "சும்மா செதறிக் கெடந்த கல்லுன்னு நெனச்சிட்டாங்கம்மா. யாருமே சொல்லல."

சொல்ல யார் இருந்தார்கள்? மனுஷன் வீடெல்லாம் இடிந்து கிடக்கிறது, கேட்க நாதியில்லை. பறவைக்கு வீடு கட்டியிருக்கிறார்கள், பிள்ளை தலைமாட்டைப் பிடுங்கி!

மேட்டில் இடிந்து கிடந்த தேவாலயத்தின் மூலையிலிருந்து, ஞாபகத்தில் இருந்த கணக்குப்படி எஃபி அடி வைத்து எண்ணிப் பார்த்தாள். அந்த மூலையே சரிந்து மணலுக்குள் போயிருந்தது. இரண்டு தடவை எண்ணினாள், இரண்டு இடத்தில் வந்து நின்றாள்.

கூடவே ஏறி வந்திருந்த டூகல் அவள் காதோரம் குனிந்தான். "அத்தே, ஏதாவது ஒரு எடத்தக் காட்டு. யாருக்குத் தெரியப்போவுது?"

"எனக்குத் தெரியும்லடா."

சுவரோரமாக நடந்தாள். கடைசியில், முழங்கால் உயரத்தில், வெள்ளைக் கோடு. கல்லுக்குப் பின்னால் குஞ்சு ஒன்று கொரகொரவென்று சத்தம் போட்டது.

"இதையாவது குடு. எம்பிள்ளையோடது."

"குஞ்சு பறக்கிற வரைக்கும் தொடக்கூடாதும்மா, சட்டம். அக்டோபர்ல நானே எடுத்துத் தர்றேன், சத்தியமா."

அக்டோபராம். எஃபிக்குச் சிரிப்பு வந்தது. ஐலா அழுதுகொண்டே முளைக்குச்சியைப் பைக்குள் வைத்தாள்.

"கெளம்பலாமா அத்தே? அலை ஏறுது."

"இரு. இனிமே வர மாட்டேன்னு அவன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துர்றேன்."

மேட்டில் ஏறி நின்றாள். இந்தப் பக்கம் திரும்பினாள். அந்தப் பக்கம் திரும்பினாள். எந்தப் பக்கம் பார்த்துச் சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.