கடைசியாக ஒரே ஒரு வார்த்தை

பம்பு கம்பெனியின் ஸ்டோர் கீப்பருக்குப் பட்டப்பெயர் கடைசியார். யாருக்குப் பிரிவுபசாரம் நடந்தாலும் மைக் அவர் கைக்குத்தான் போகும். "கடைசியாக ஒரே ஒரு வார்த்தை" என்பார். அதற்கப்புறம்தான் பேச்சே சூடு பிடிக்கும். ஒரு கூட்டத்தில் ஒன்பது கடைசி வந்ததாக எண்ணிச் சொன்னார்கள். மனுஷர் அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டார்.

வெல்டர் ஓய்வு பெற்ற அன்று கேன்டீனில் கூட்டம். ஷிப்ட் மாறும் இடைவெளி அரை மணி நேரம்தான். வெல்டருக்குப் பேச்சு திக்கும். முப்பத்திரண்டு வருஷம் தலையாட்டியே காலம் தள்ளியவர். அன்று மட்டும் தானும் பேசப்போவதாகச் சொல்லியிருந்தார். கேட்பதற்கென்றே மனைவி முன்வரிசையில் வந்து உட்கார்ந்திருந்தார்.

கடைசியார் நாலாவது கடைசிக்கு வந்தபோது வெல்டர் சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். ஆறாவதில் அதை மடித்தார். கடைசியார் அதைப் பார்த்தார். பார்த்தும் நிறுத்தவில்லை. சனம் சிரித்துக்கொண்டிருந்தது, நாக்கு ருசி கண்டுவிட்டது. அப்போது சங்கு ஊத, எல்லோரும் எழுந்து வேலைக்கு ஓடினார்கள். வெல்டர் காலி நாற்காலிகளைப் பார்த்துக் கும்பிட்டார்.

அந்தக் கும்பிடு ஒரு வாரம் கடைசியாரைச் சோறு தின்னவிடவில்லை. ஞாயிற்றுக்கிழமை வெல்டர் வீட்டுக்குப் போனார்.

"ஒரு மாசமா பாத்ரூம் கதவைச் சாத்திக்கிட்டுச் சொல்லிப் பாத்தாரு தம்பி," என்றார் மனைவி. குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தேவலை என்று இவருக்கு இருந்தது.

"இப்பப் படிங்கண்ணே. நான் கேக்கறேன்."

"உ... உங்களுக்கு எதுக்கு தம்பி? அ... அன்னிக்குக் கேன்டீன்ல இருந்தவங்க கேக்கணும்னுதான் எழுதினேன்."

மனைவிதான் தாளை எடுத்து வந்து இவர் கையில் கொடுத்தார். மொத்தம் ஐந்தே வரி. கடைசி வரியை இவர் இரண்டு தடவை படித்தார்: 'என்னைப் பற்றி ஸ்டோர் தம்பி எல்லாம் சொல்லியிருப்பார். நான் நன்றி சொல்லி முடித்துக்கொள்கிறேன்.'

அந்த அரை மணி நேரத்தில் வெல்டரைப் பற்றி என்ன சொன்னோம் என்று யோசித்தார். தான் வேலைக்குச் சேர்ந்த கதை, தான் மேனேஜரை மடக்கிய கதை, தன் ஸ்கூட்டர் கதை. வெல்டரைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

"தப்பு என்னோடதுண்ணே," என்றார். அதற்கு மேல் அவருக்கு ஒரு வார்த்தை வரவில்லை.